ஆன்டிவைரஸ் என்ற காவலாளி: வீட்டுக் கணினிக்கு எது போதும், எது போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, புது லேப்டாப்புக்குப் பில் போடும்போது பெரும்பாலும் ஒரு கேள்வி வரும்: "ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுவிடலாமா?" சிலர் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். சிலர் வீட்டுக்குப் போய் இலவசமாக ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு இருவரும் நினைப்பது ஒன்றுதான்: இனிமேல் கணினிக்கு ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பால்தான் பணமும் படங்களும் பறிபோகின்றன. ஆன்டிவைரஸ் உண்மையில் என்ன செய்கிறது, எந்த இடத்தோடு அதன் வேலை நின்றுவிடுகிறது என்று புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

பெயரால் வந்த குழப்பம்

வைரஸ் என்றதும் காய்ச்சலும் தடுப்பூசியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊசி போட்டுக்கொண்டால் உடம்புக்கே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஆன்டிவைரஸையும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்: ஒருமுறை போட்டால் கணினி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று. கணினிக்கு அப்படி எந்தச் சக்தியும் வருவதில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் ஒரு நிரல் நிறுத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். பார்க்கும் நிரல் அசந்தாலோ, அதன் கையில் உள்ள பட்டியல் பழசானாலோ, காவலும் போய்விடும்.

கண்டிப்பான பொருளில் வைரஸ் என்பது வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் நிரல். 1986-ல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெய்ன்' அப்படிப்பட்டது. ஃபிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறி, தட்டுக்குத் தட்டு தாவியது. இன்று வீட்டுக் கணினிகளைத் தாக்குவதில் அந்த ரகம் குறைவு. எல்லா ரகத்துக்கும் பொதுப்பெயர் மால்வேர்: கணினிக்காரருக்குத் தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட நிரல்.

மால்வேரில் இரண்டு ரகங்களை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று ரான்சம்வேர். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். மற்றொன்று இன்ஃபோஸ்டீலர். இது சத்தமே போடாது. உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளச் சீட்டுகளையும் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போய்விடும். ரான்சம்வேர் எத்தனை பெரிய இடத்தையும் முடக்கும் என்பது டர்பன்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 ஜூலை 22 அன்று, துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த தாக்குதலில் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையங்கள் நாள்கணக்கில் தடுமாறின.

கேட்டில் நிற்கும் காவலாளி

நம் ஊரில் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜன்னலுக்கு பர்க்லர் கார்டு, வாசலுக்கு இரும்புக் கேட், சுவரில் அலாரம், அழைத்தால் வரும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் வண்டி, குடியிருப்பு வளாகமாக இருந்தால் முகப்பில் பூம் கேட். ஆன்டிவைரஸ் அந்த பூம் கேட் காவலாளி. அவர் நான்கு வழிகளில் வேலை செய்கிறார்.

முதல் வழி, புகைப்படப் பட்டியல். தேடப்படும் ஆட்களின் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியிலும் முகத்தைப் பார்க்கிறார். கணினியில் அந்தப் படத்துக்குப் பெயர் சிக்னேச்சர், அதாவது தெரிந்த மால்வேரின் அடையாளக் குறிப்பு. மிக எளிய சிக்னேச்சர், கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டு எடுத்த ஒரு முத்திரை எண். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அது 64 எழுத்து நீளம் இருக்கும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். இந்த வழியின் பலவீனமும் அதுதான். திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் படம் பொருந்தாது. மால்வேர் எழுதுபவர்கள் ஒரே சரக்கை நாள்தோறும் ஆயிரக்கணக்கான வேடங்களில் அனுப்புவதற்குக் காரணம் இது. ஜெர்மனியில் இயங்கும் ஏவி-டெஸ்ட் பரிசோதனை நிலையம் தன் கணக்கில் நாள் ஒன்றுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களும் வேண்டாத நிரல்களும் பதிவாகின்றன என்கிறது. அவற்றில் ஏராளமானவை பழைய ஆளின் புது வேடங்கள்.

இரண்டாவது வழி, உடையையும் பையையும் பார்த்துச் சந்தேகப்படுவது. பட்டியலில் இல்லாத ஆள்தான். ஆனால் கையில் கடப்பாரை, வண்டியில் நம்பர் பிளேட் இல்லை. கோப்பை ஓடவிடாமலேயே அதன் உள்ளமைப்பைப் பார்த்து, கெட்டதாக இருக்கலாம் என்று ஊகிப்பதை ஹியூரிஸ்டிக் முறை என்கிறார்கள். ஊகம் என்பதால் நல்லவரையும் சில நேரம் பிடித்துவைத்துவிடும்.

மூன்றாவது வழி, உள்ளே விட்ட பிறகும் கண் வைத்திருப்பது. பிளம்பர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் குழாய்ப் பக்கமே போகாமல் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டே போனால்? ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான படங்களைத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கண்காணிப்பு அதை நடுவழியில் நிறுத்தும். ரான்சம்வேருக்கு எதிராக உண்மையில் உதவுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான். ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் முதல் சில கோப்புகள் போயிருக்கலாம்.

நான்காவது, கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கி-டாக்கி. சந்தேகமான கோப்பின் முத்திரையை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, "இந்த ஆளை வேறு எங்காவது பார்த்தீர்களா?" என்று கேட்பது. இதுதான் கிளவுட் பாதுகாப்பு. லோட்ஷெடிங் மின்வெட்டில் ரவுட்டர் அணைந்து, லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓடும்போது இந்த உதவி கிடைக்காது. அந்த நேரத்தில் யாரோ கொடுத்த யுஎஸ்பியைச் செருகினால் காவலாளி தன் கையில் உள்ள பழைய பட்டியலை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

இதெல்லாம் எந்தக் கணத்தில் நடக்கிறது? நீங்கள் ஒரு கோப்பை இரண்டு முறை சொடுக்கியதும் விண்டோஸ் அதை உடனே திறப்பதில்லை. திறக்கும் வேண்டுகோள் முதலில் ஆன்டிவைரஸிடம் போகிறது. அது சரி என்றால்தான் கோப்பு திறக்கும். இதற்காக ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிமட்டத்தில், மற்ற நிரல்களுக்கு அனுமதியில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை அதிகாரம் உள்ள இடத்தில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. நிறுவனங்களுக்கான கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு நிரலின் ஒரு தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. பெயர் தெரியாத இடத்திலிருந்து ஆன்டிவைரஸ் இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். அதற்கு நீங்கள் கொடுப்பது வீட்டின் எல்லாச் சாவிகளும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தெரிந்த முகத்தைப் பட்டியலால் பிடிக்கிறது, தெரியாத முகத்தை ஊகத்தாலும் நடத்தையாலும் பிடிக்கப் பார்க்கிறது, ஐயம் வந்தால் இணையம் வழியாகக் கேட்கிறது. நான்குமே கோப்புகளையும் நிரல்களையும் பற்றியவை.

நீங்களே கையைப் பிடித்து அழைத்துவந்தால்

மேலே சொன்ன கடைசி வரியை மறுபடி படியுங்கள். கோப்புகளையும் நிரல்களையும் பற்றியவை. காவலாளி வண்டியைச் சோதிப்பார். வீட்டுக்காரரே கேட்டுக்கு வந்து, "இவர் என் உறவுக்காரர், உள்ளே விடுங்கள்" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? இன்று பணம் பறிபோகும் வழிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

வருமான வரி தாக்கல் செய்யும் பருவம், பொதுவாக ஜூலையில் தொடங்குவது, ஃபிஷிங்குக்கும் அறுவடைக் காலம். ஃபிஷிங் என்பது நம்பத்தக்க ஒருவர் போல நடித்து உங்கள் கையாலேயே விவரங்களை எழுதவைப்பது. "உங்களுக்கு ரீஃபண்ட் காத்திருக்கிறது" என்று வரித்துறையான சார்ஸின் பெயரில் மின்னஞ்சல் வரும். இணைப்பைத் தொட்டால் உங்கள் வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். அங்கே மால்வேர் எதுவும் இல்லை. வெறும் ஒரு படிவம். நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள், அது திருடனுக்குப் போகிறது. உலாவியும் ஆன்டிவைரஸும் சில போலித் தளங்களைத் தடுக்கும்தான். ஆனால் காலையில் முளைத்து மாலையில் மறையும் தளம் பட்டியலில் ஏறும் முன்பே வேலையை முடித்துவிடுகிறது. சார்ஸ் மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வங்கி விவரம் கேட்பதில்லை. ஈஃபைலிங் முகவரியை நீங்களே உலாவியில் தட்டிப் போங்கள். வந்த இணைப்பைத் தொடாதீர்கள்.

அடுத்தது தொலைபேசி. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து என்றோ, மைக்ரோசாஃப்டிலிருந்து என்றோ அழைப்பு வரும். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற அந்த மென்பொருள்கள் நல்லவைதான். அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. அதனாலேயே ஆன்டிவைரஸ் வாய் திறக்காது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்: தானாக அழைத்து வந்தவரை, யாராக இருந்தாலும், கணினிக்குள் விடக் கூடாது, ஓடிபி எண்ணை வாயால் சொல்லக் கூடாது. தாத்தாவுக்குச் சங்கடமாக இருந்தால், "பேரனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடட்டும். பிறகு வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு நாமே அழைக்கலாம்.

அண்மைக் காலமாகப் பரவும் இன்னொரு சூழ்ச்சி இன்னும் நயமானது. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று வரும். வழக்கம்போலப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று வழிகாட்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைக்கும் இடத்தில், ஒரு கட்டளையை ஒட்டிவைத்திருக்கும். நீங்கள் செய்வது அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டுவது. அது இன்ஃபோஸ்டீலரை இறக்கும். எந்த உண்மையான சோதனையும் இந்த விசைகளை அழுத்தச் சொல்லாது.

கிராக் செய்த, அதாவது பணம் கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த மென்பொருளும் இதே வரிசையில்தான். "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று அதோடு வரும் குறிப்பு சொல்லும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டைத் திறக்கச் சொல்பவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பணம் இல்லை, சந்தா இல்லை. வங்கி, மின்னஞ்சல், பிள்ளைகளின் பள்ளி வேலை, படம் பார்ப்பது என்று பயன்படும் வீட்டுக் கணினிக்கு அது போதும். பத்தாண்டுகளுக்கு முன் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. அப்போது பரிசோதனைகளில் அது பின்தங்கியிருந்தது. இன்று நிலை வேறு.

இதை யார் வார்த்தையையும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற இரு நிலையங்கள் முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஒவ்வொன்றுக்கும் 6 என்று மொத்தம் 18 புள்ளிக்கு மதிப்பிடுகிறது. முன்னணியில் உள்ளவை எல்லாம் 17-க்கு மேல் நெருக்கமாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அரைப் புள்ளி வித்தியாசத்துக்காக மாறிக்கொண்டே இருக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: நல்ல கோப்பைக் கெட்டது என்று பிடித்த எண்ணிக்கை. அதற்கு ஃபால்ஸ் பாசிடிவ் என்று பெயர். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. அதனால்தான் ஆன்டிவைரஸ்கள் பிடித்ததை உடனே அழிக்காமல் குவாரண்டைனில், அதாவது ஓட முடியாதபடி பூட்டிய ஒரு மூலையில், வைக்கின்றன. தவறு என்று தெரிந்தால் அங்கிருந்து மீட்கலாம்.

பணம் கொடுத்து வாங்குவதில் அர்த்தமே இல்லையா? பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் வசதி, பல கருவிகளை ஓரிடத்திலிருந்து பார்ப்பது, சிக்கல் வந்தால் பேச ஒரு ஆள் ஆகியவை உங்களுக்குத் தேவையென்றால் வாங்கலாம். இணையப் போக்குவரத்தை மறைக்கும் விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், கணினி வேகமூட்டி என்று மூட்டையாகக் கட்டித் தருவதற்காக மட்டும் வாங்க வேண்டாம். வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் ஆண்டு விலை தள்ளுபடி விலை. அட்டையிலிருந்து தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வாங்கிய அன்றே நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு விலையைப் பார்த்து முடிவெடுங்கள். இல்லாவிட்டால் மறந்துபோன டெபிட் ஆர்டர் போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இலவசமானவற்றில் வேறு விலை இருக்கலாம். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றது வெளிவந்து, 2020-ல் அந்தத் துணை நிறுவனத்தை மூடியது; 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 16.5 மில்லியன் டாலர் கட்ட வைத்தது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? எந்த இலவச ஆன்டிவைரஸை நிறுவினாலும், விவரங்களைப் பகிரும் அனுமதிகளை அமைப்புகளில் போய் அணையுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரே ஒரு ஆன்டிவைரஸ்தான். ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. இரண்டு இருந்தால், கோப்பைத் திறக்கும் வேண்டுகோளை இரண்டும் ஒரே இடத்தில் மறிக்கும். கணினி தவழும், சில நேரம் ஒன்று மற்றதன் பட்டியலையே மால்வேர் என்று பிடிக்கும். வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்வது இதனால்தான்.

புது லேப்டாப்பில் கடைக்காரரோ தயாரிப்பாளரோ சோதனைக் காலத்துக்கு ஏற்றிவைத்த ஆன்டிவைரஸ் இங்கே தொல்லை தருகிறது. 30 நாளோ ஓர் ஆண்டோ கழிந்ததும் அதன் பட்டியல் புதுப்பிப்பது நிற்கும். ஆனால் அது இடத்தைக் காலி செய்யாமல், பணம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும். பட்டியல் இல்லாத காவலாளி கேட்டில் இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. புதுப்பிக்கப் போவதில்லை என்றால் முழுவதுமாக நீக்குங்கள்: செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் நீக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள். எச்சம் மிஞ்சினால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். பிறகு டிஃபெண்டர் எழுந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

எங்கே பார்ப்பது

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டித் திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியில் கீழே, பட்டியல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தேதி இருக்கும். அது ஓரிரு நாளுக்கு மேல் பழசாக இருந்தால் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். மொபைல் டேட்டாவை மிச்சம் பிடிக்க இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அந்தக் குறி இருந்தால் விண்டோஸ் பல புதுப்பிப்புகளைத் தானாக இறக்காமல் தள்ளிப்போடும்.

அதே பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' உள்ளே போனால் 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்', 'கிளவுட்-டெலிவர்டு புரொடெக்‌ஷன்', 'டேம்பர் புரொடெக்‌ஷன்' மூன்றும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, மால்வேர் தானே ஆன்டிவைரஸை அணைத்துவிடாமல் தடுப்பது. இன்னும் கீழே 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று ஒன்று. சோதிக்காமல் விடச் சொல்லிக் கொடுத்த இடங்களின் பட்டியல் அது. பெரும்பாலான வீடுகளில் அது காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ அங்கே இருந்தால், யாரோ கிராக் நிறுவும்போது திறந்துவிட்டுப் போன கதவு அது. உடனே நீக்குங்கள்.

'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யூடேஷன்-பேஸ்டு புரொடெக்‌ஷன்' அமைப்புகளுக்குள், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது. இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரப் பட்டைகளை அது தடுக்கும். அதையும் இயக்கிவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஆபத்தில்லாத ஒரு வழி உண்டு. ஐகார் அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பு கிடைக்கும். அது எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதைப் பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. இறக்கியவுடன் எச்சரிக்கை வந்தால் காவலாளி விழித்திருக்கிறார்.

விண்டோஸில் இன்னும் ஒரு சின்ன மாற்றம் செய்துவிடுங்கள். கோப்புப் பெயரின் வால்பகுதியை விண்டோஸ் இயல்பாக மறைக்கிறது. அதனால் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற நிரல், வெறும் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இயக்கினால் வால் வெளியே தெரிந்துவிடும்.

சந்தேகமான ஒரு கோப்பைப் பற்றி இன்னொருவர் கருத்து வேண்டுமா? வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். ஆனால் அங்கே ஏற்றியதைப் பாதுகாப்புத் துறையினர் பலரும் எடுத்துப் பார்க்க முடியும். ஐடி நகல், வங்கி அறிக்கை, மருத்துவச் சீட்டு எதையும் ஏற்றாதீர்கள்.

போலி எச்சரிக்கை

திரை முழுவதும் சிவப்பாகி, சத்தம் போட்டு, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது ஆன்டிவைரஸ் அல்ல, ஒரு இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரையின் ஓரத்தில் அடிக்கடி "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று குட்டிப் பெட்டி வருகிறதா? எப்போதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது தெரியாமல் 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். குரோமில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய், தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். இதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சுவரில் ஓட்டை இருந்தால்

காவலாளி கேட்டில்தான் நிற்கிறார். பின்சுவரில் ஓட்டை இருந்தால்? மென்பொருளில் உள்ள பிழைகள்தான் அந்த ஓட்டைகள். அவற்றை அடைக்க வரும் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் யாரும் எதையும் சொடுக்காமலே கணினிக்குக் கணினி தாவியது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் அகப்பட்டார்கள்.

இன்றைக்கு இது விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களின் பிரச்சினை. அதற்கான வழக்கமான பேட்சுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் மேலும் ஓராண்டு கிடைக்கும். டிஃபெண்டரின் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: பச்சைக் குறி தெரிகிறது, பட்டியல் புதிது, எல்லாம் சரி என்று. காவலாளி புத்துணர்ச்சியோடு இருக்கிறார், பின்சுவர் இடிந்து கிடக்கிறது.

உலாவிக்கும் இதே விதி. புதுப்பிப்பு வந்துவிட்டது என்று உலாவி சொன்னால் அதை மூடித் திறங்கள். வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்களுக்குப் பேட்ச் இறங்கியும் பயனில்லை. தினசரி வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துவதும் நல்லது, பிள்ளைகள் தொடும் கணினியில் குறிப்பாக.

ஆப்பிள் மேக்கிலும் எக்ஸ்புரொடெக்ட் என்ற காவல் உள்ளமைந்தே வருகிறது. ஆண்ட்ராய்டில் பிளே புரொடெக்ட். அங்கேயும் கதை இதுதான்.

நகல்

ரான்சம்வேருக்கு எதிராக உறுதியாக நிற்பது ஆன்டிவைரஸ் அல்ல, நகல். ஓரிரு ஆண்டுச் சந்தாப் பணத்தைச் சேர்த்தால் ஒரு வெளித் தட்டு (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) வாங்கிவிடலாம். கல்யாணப் படங்கள், காவடிப் படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை அதில் நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கிளவுட் சேமிப்பும் நல்லதுதான். ஆனால் கணினியில் பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் அப்படியே மாறிவிடும் என்பதால் பழைய பதிப்புகளை மீட்கும் வசதி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

2022 ஏப்ரலில் குவாசூலு-நட்டால் வெள்ளம் வந்தபோது லேப்டாப்பும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த நகலும் சேர்ந்தே போகக்கூடும் என்பது விளங்கியது. இன்னொரு நகலை வேறொரு வீட்டில், அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ, கொடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே புகுந்துவிட்டதோ என்று தோன்றினால்

முதலில் வைஃபையை அணையுங்கள். வெளித் தட்டைச் செருகாதீர்கள். அதே கணினியில் கடவுச்சொற்களை மாற்றாதீர்கள்; மாற்றுவதும் திருடனுக்குத் தெரியும். வேறொரு கருவியிலிருந்து, உங்கள் கைபேசியிலிருந்தாவது, முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் சாவி அங்கேதான் வருகிறது. பிறகு வங்கி. மாற்றும்போது 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற தெரிவையும் அழுத்துங்கள். இன்ஃபோஸ்டீலர் திருடிய அடையாளச் சீட்டு, கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் சில இடங்களில் செல்லுபடியாகும். இந்தப் பொத்தான்தான் அதைச் செல்லாததாக்கும். பணம் போயிருந்தால் வங்கியின் மோசடிப் பிரிவை உடனே அழையுங்கள், காவல் நிலையத்தில் கேஸ் நம்பர் வாங்குங்கள்.

அதன் பிறகு கணினி. 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. இது விண்டோஸ் எழுவதற்கு முன்பே தட்டைச் சோதிக்கும். அதனால் விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் மால்வேருக்கு மறைவிடம் இல்லை. சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு, லேப்டாப்பை மின் இணைப்பில் செருகிவிட்டுத் தொடங்குங்கள். மின்வெட்டு அட்டவணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவதுதான் நிச்சயமான வழி. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரிகவரி', 'ரீசெட் திஸ் பிசி' என்று போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அங்கே 'கிளவுட் டவுன்லோட்' எடுத்தால் புத்தம் புதிய விண்டோஸ் இறங்கும். ஆனால் அது 4 ஜிபிக்கும் மேல் இழுக்கும். மொபைல் டேட்டாவில் செய்யாமல், ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். நகலிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் திருப்பி வையுங்கள். பழைய நிறுவும் கோப்புகளைத் திருப்பி வைக்காதீர்கள், அவற்றை உரிய தளங்களிலிருந்து புதிதாக இறக்குங்கள்.